வலப்பக்கம் நடப்பவள்

வாணிம்மா,

எழுத்தெல்லாம் இவ்வளவு பெரிதாக இருக்கிறதே என்று சிரிக்காதே. தடித்த ஸ்கெட்ச் பேனாவால், லாட்ஜில் மீந்துபோன காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். வேலை செய்வது இடக்கண் ஒன்றுதான். அது சின்ன எழுத்தை மதிப்பதில்லை. வெயில் ஏறினால் அசந்தும் போகும். நேரில் சொல்லலாம்தான். ஆனால் நேரில் பேசினால் நான் கத்துவேன், நீ அழுவாய், உன் அம்மா நடுவில் புகுந்து தோசை ஆறுகிறது என்பாள். விஷயம் அப்படியே நின்றுவிடும். இந்த வீட்டில் முக்கியமான பேச்சு எல்லாம் தோசையில்தான் போய் முடிந்திருக்கிறது. அதனால் எழுதுகிறேன். இதை நீ தனியாக ஒரு தடவை படி. பிறகு அத்தையை உட்காரவைத்து அவள் முன்னால் சத்தமாக ஒரு தடவை படி. ஒளித்துவைக்க இதில் ஒன்றுமில்லை.

போன வாரம் சமையலறையில் நீ அம்மாவிடம் சொன்னதைக் கேட்டேன். கண் தெரியாதவனுக்குக் காதும் கேட்காது என்று உங்கள் இருவருக்கும் யார் சொன்னது? பெங்களூரில் ஒரு கம்பெனி உன்னை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் செய்யும் வீடியோ கேம்களுக்குப் படம் வரைகிற வேலை. காலேஜ் ஹாஸ்டலில் எங்களுக்குத் தெரியாமல் நீ மறுபடி வரைய ஆரம்பித்திருக்கிறாய். அதை உன் சிநேகிதி அவர்களுக்கு அனுப்பியிருக்கிறாள். அவர்கள் பார்த்துவிட்டு வரச் சொல்கிறார்கள். அம்மா சந்தோஷமாக என்னவோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் நீ, "வேணாம்னு மெயில் போட்டுடப் போறேம்மா. நான் வரைஞ்சதும் விளையாண்டதும் போதும். அதுலதான அப்பா கண்ணு போச்சு. நீ ஸ்கூல் வேலைக்குப் போய்ட்டா அவரை யார் பாத்துப்பாங்க?" என்றாய். குக்கர் சத்தம்தான் கேட்டது. எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. உன்மேல் பாதி. இத்தனை வருஷம் நீ அப்படி நினைத்துக்கொண்டிருந்தது தெரியாமல் உட்கார்ந்திருந்த என்மேல் பாதி.

கம்ப்யூட்டர் நம் வீட்டுக்கு வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். லாட்ஜ் முதலாளி ரூம் கணக்குக்குப் புது மெஷின் வாங்கியபோது பழையதை, "மேனேஜர், பொண்ணு படிக்கட்டும், எடுத்துட்டுப் போங்க" என்று என் தலையில் கட்டினார். ஆட்டோவில் மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு நீ வந்த வரவு, சாமி புறப்பாடு மாதிரி இருந்தது. அப்போது நீ ஒன்பதாவது. படிப்புக்காக வந்த மெஷினில் படிப்பு எதுவும் நடக்கவில்லை. சென்னையிலிருந்து உன் மாமா கொடுத்தனுப்பிய சிடி ஒன்று வந்து சேர்ந்தது. மேலே எழுதியிருந்த பேர் ஈரத்தில் அழிந்துபோயிருந்தது. அதனால் அதற்கு நாம் இருவரும் வைத்த பேர்தான் பேர்: இருட்டுக் கோட்டை.

அப்படி ஓர் இருட்டை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை, வாணி. லாட்ஜில் கரண்ட் போனால் வரும் இருட்டு வேறு. அது வெறுமனே ஒன்றும் இல்லாத இருட்டு. இதை யாரோ உட்கார்ந்து தூரிகையால் தீட்டியிருந்தார்கள். கறுப்புக்குள் நீலம், நீலத்துக்குள் இன்னொரு கறுப்பு. ஓயாத மழையில் ஊறி நிற்கும் கோட்டைச் சுவர், அதில் பாசி, பாசிக்கு நடுவில் யாரோ சாய்ந்து நின்ற தடம். அதற்குள் போர்வை போர்த்திய ஒரு சின்ன உருவம், கையில் ஒரு விளக்கு. அந்த விளக்கின் மஞ்சள் வெளிச்சம் விழுகிற இடம்தான் நமக்கு உலகம். எண்ணெய் குறைந்துகொண்டே வரும். எங்கே போக வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். செத்தால் ஒரு பாழுங்கிணற்றின் அடியில் கண் விழிக்க வேண்டும். மறுபடி ஏறி வர வேண்டும். நாம் எத்தனை தடவை அந்தக் கிணற்றில் ஏறினோம் என்று கணக்கு வைத்திருந்தால் நமக்கு அவமானமாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் ஜன்னலைச் சாத்தி, அதன்மேல் அம்மாவின் பழைய புடவையைத் தொங்கவிட்டு, ஃபேனைக்கூட அணைத்துவிட்டு உட்காருவோம். உன் அத்தை எதிர்வீட்டிலிருந்து வந்து கதவைத் தட்டுவாள். "டேய் தம்பி, பட்டப்பகல்ல ஜன்னலை மூடிக்கினு அப்பனும் பொண்ணும் என்னடா பண்றீங்க? யாரு செத்துட்டாங்க?" என்பாள். நீ உள்ளேயிருந்து, "அப்பாதான் அத்தை, இப்பதான் செத்தாரு, திரும்ப வருவாரு" என்று கத்துவாய். அத்தை வாயில் அடித்துக்கொண்டு போய்விடுவாள். இந்த வீட்டில் நான் அவ்வளவு சிரித்தது அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான். பயந்ததும் அப்போதுதான். இரண்டும் ஒரே அறையில் நடக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அந்தக் கோட்டையில் ஒருத்தி இருந்தாள். நீ வைத்த பேர் விளக்குக்காரி. நல்ல உயரம். தலையில் கலைமான் கொம்பு, கிளை கிளையாக. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மழுமழுவென்று ஒன்றும் இருக்காது. கையில் ஒரு விளக்கு, ஆனால் அது எரியாது. அவள் நம்மை அடிக்கவே மாட்டாள். திரையின் வலது ஓரத்தில், நாம் நடந்தால் நடப்பாள், நின்றால் நிற்பாள். நம் விளக்கில் எண்ணெய் தீர்ந்த பிறகு ஒரே ஓர் அடி நம்மை நோக்கி எடுத்து வைப்பாள். அவ்வளவுதான், கிணறு. மற்ற பூதங்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். இவளைக் கண்டால் முதுகுத்தண்டு சில்லென்று ஆகும். நீ மட்டும் அவளைப் பார்த்துப் பயப்படவில்லை. காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு அவளை வரைந்தாய். ஒரு தாள் இல்லை, அடுக்கு அடுக்காக. ஆட்டத்தில் அவளுக்குக் காலே கிடையாது. முட்டிக்குக் கீழே புகை மாதிரிக் கரைந்துவிடுவாள். நீ வரைந்தவளுக்குக் கால் இருந்தது. காலில் ரப்பர் செருப்பும் இருந்தது. நீலப் பட்டை. இடதுகால் பட்டை அறுந்து, அதில் ஓர் ஊக்கு. அந்த வருஷம் நீ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தேய்த்துக்கொண்டு திரிந்த அதே செருப்பு. இது எதற்கடி என்று கேட்டேன். "பாவம்ப்பா. கோட்டை முழுக்கக் கல்லு. குத்தாதா அவளுக்கு?" என்றாய். நான் ரொம்ப நேரம் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு அந்தப் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பாலத்தில் ஒருவன் நின்றான், ஞாபகம் இருக்கிறதா? மணிக்காரன். கழுத்துக்கு மேலே தலைக்குப் பதில் ஆலய மணி. அவனைத் தாண்டினால்தான் கோட்டையின் அடுத்த பாதி. அவன் அடி எப்போதும் எனக்கு வலப்பக்கத்திலிருந்து வந்தது. ஒவ்வொரு தடவையும் அடி விழுந்த பிறகுதான் அவன் அங்கே இருப்பதே எனக்குத் தெரியும். "தோள்பட்டையைப் பாருப்பா, அடிக்கறதுக்கு முன்னாடி தூக்கறான் பாரு" என்று நீ சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனாய். எனக்குத் தோள்பட்டையும் தெரியவில்லை, ஆளும் தெரியவில்லை. இருட்டில் வைத்திருக்கிறான், வேண்டுமென்றே வைத்திருக்கிறான், கேம் செய்தவன் கெட்டிக்காரன் என்று நினைத்தேன். உலகமே இருட்டாக இருக்கும் ஓர் இடத்தில் எனக்குத் தெரியாதது எது, அங்கே இல்லாதது எது என்று நான் எப்படிப் பிரிப்பேன்? கடைசியில் நீ ஒரு வழி செய்தாய். என் வலத்தோளை ஒட்டி உட்கார்ந்துகொண்டு, "நீ நேராப் பாரு. வலது பக்கம் நான் பாத்துக்கறேன்" என்றாய். நீ "வலது!" என்றால் நான் விசையை அழுத்தி உருளுவேன். "இன்னும் இல்ல, இரு இரு, இப்போ!" என்பாய். அப்படித்தான் அந்தப் பாலத்தைத் தாண்டினோம். தாண்டிய அன்று நீ போட்ட கூச்சலில் உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள்.

அதற்கு அடுத்த மாதம்தான் அது நடந்தது. பௌர்ணமிக்கு ஊரே கிரிவலம் போகும். லாட்ஜ் மேனேஜருக்கு மட்டும் அன்றைக்கு மலை கிடையாது, ரூம் இல்லை என்று பதில் சொல்லவே நேரம் போய்விடும். அதனால் நான் கூட்டம் இல்லாத நாளில் விடியற்காலை போவேன். மலை வலப்பக்கம். நடப்பது ரோட்டின் இடது ஓரம். வலது ஓரத்தை, மலையை ஒட்டிய பக்கத்தைச் சித்தர்களுக்கு விட்டுவிட வேண்டும். அவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் அங்கே நடக்கிறார்கள். நான் பிறந்ததிலிருந்து கேட்டது இது. நான் அதைப் பெரிதாக நம்பியதுமில்லை, மீறியதுமில்லை. அன்றைக்கு அடி அண்ணாமலை தாண்டி வந்துகொண்டிருந்தேன். வெளிச்சம் நன்றாகவே வந்திருந்தது. வலப்பக்கத்தில், மலையை ஒட்டி, யாரோ என்கூடவே நடப்பது தெரிந்தது. யாரோ நடைப்பயிற்சிக்கு வந்தவர் என்று நினைத்தேன். நான் நின்றேன். நின்றது. நான் நடந்தேன். நடந்தது. திரும்பிப் பார்த்தேன், வெறும் ரோடு, வேலிக்காத்தான், ஒரு நாய். மறுபடி நேராகப் பார்த்தபோது அவள் அங்கே இருந்தாள். கொம்பு, முகமில்லாத முகம், எரியாத விளக்கு.

இதை யாரிடமும் நான் முழுசாகச் சொன்னதில்லை. செத்துப்போய்விட்டேன் என்றே நினைத்தேன். எண்ணெய் தீர்ந்துவிட்டது, இனி அவள் ஓர் அடி எடுத்து வைப்பாள் என்று அந்த ரோட்டில் காத்துக்கொண்டு நின்றேன். பால்காரன் ஒருவன் மணியடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனான். அவனுக்கு நான் மட்டும்தான் தெரிந்தேன். அப்புறம் எப்படி வீடு வந்தேன் என்று தெரியாது. வாசலில் அத்தை நின்றுகொண்டிருந்தாள். "என்னடா, மூஞ்சி வெளுத்துப்போயிருக்கு?" என்றாள். வாயைப் பிடுங்கிய மாதிரி எல்லாம் கொட்டிவிட்டேன்: வலப்பக்கம் யாரோ நடந்தார்கள், தலையில் கொம்பு, கையில் விளக்கு. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அத்தை தடாலென்று என் காலில் விழுந்தாள். சொந்த அக்கா! "அது கொம்பு இல்லடா, ஜடாமுடி! ஜென்மம் ஜென்மமா மலையைச் சுத்தறவங்களுக்கே கிடைக்காத தரிசனம்டா இது. நீ யாரு என்னான்னு தெரியாம ஒன்னை நான் எவ்ளோ திட்டியிருக்கேன்!" என்று அழுதாள். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் தெருவே வந்துவிட்டது. எலுமிச்சம்பழமும் கையுமாக நின்றார்கள். ஒருத்தர் மகனுக்கு எப்போது வேலை கிடைக்கும் என்று கேட்டார். லாட்ஜில் பக்கெட் இல்லை, வெந்நீர் இல்லை என்று வருகிறவர்களிடம் எரிந்து விழுகிற எனக்குத் திடீரென்று எல்லோரும் கை கூப்பினால் எப்படி இருக்கும்? கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அது ஒரு பேய் என்பதைவிடச் சித்தர் என்பது எனக்கும் வசதியாக இருந்தது. அடுத்த சில வாரங்களில் அவள் இன்னும் சில தடவை வந்தாள்: லாட்ஜ் மாடிப்படியில், பஸ் ஸ்டாண்டில், ஒருநாள் கோயில் பிரகாரத்தில் தூண் தூணாக. ஒவ்வொரு தடவையும் அத்தை தெருவுக்குச் சொல்லிவிடுவாள். வேறு எந்த ஊரிலாவது இருந்திருந்தால் என்னை முதல் வாரமே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். நம் ஊரில் வலப்பக்கம் ஒருவர் நடந்தால் அதற்கு ஏற்கனவே பதில் இருக்கிறது. அதனால் யாரும் கேள்வி கேட்கவில்லை.

நீ மட்டும் கேட்டாய். ஒரு மத்தியானம் கம்ப்யூட்டர் முன்னால் என்னை உட்காரவைத்து, மெதுவாக, "ப்பா, அந்த விளக்கு எரிஞ்சுதா?" என்றாய். எரியவில்லை என்றேன். "மூஞ்சி?" இல்லை என்றேன். உனக்கு முகம் வாடிப்போனது. "ப்பா, அது சித்தர் இல்லப்பா. அது நம்ம விளக்குக்காரி" என்றாய். அப்புறம் திரையின் நடுவில் ஒரு பொட்டை ஒட்டினாய். அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு. அதையே பார்க்கச் சொன்னாய். மஞ்சள் பென்சிலை வலப்பக்கத்திலிருந்து நகர்த்திக்கொண்டே வந்து, "தெரியும்போது சொல்லு" என்றாய். நான் காத்துக்கொண்டே இருந்தேன். "என்னடி, ஆரம்பிக்கவே இல்லையா?" என்று கேட்டேன். பென்சில் அப்போது என் மூக்குக்குப் பக்கத்தில் இருந்தது. பிறகு உன் உள்ளங்கையால் என் இடக்கண்ணை மூடினாய். வெளிச்சமான அந்த அறை முழுக்கச் சாம்பல் ஆகிவிட்டது. என் வாழ்நாளில் ஒரு கண்ணை மட்டும் மூடிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. யாருக்குத் தோன்றும்? நீ கையை எடுக்காமல் அப்படியே அழுதாய். அந்தக் கை ஈரமாக இருந்தது.

பாண்டிச்சேரி கண் ஆஸ்பத்திரிக்கு நீயும் அம்மாவும்தான் என்னைக் கூட்டிப்போனீர்கள். டாக்டரம்மா சொன்னதை அத்தைக்குக் கேட்கும்படி இங்கே எழுதுகிறேன்; நீ நிறுத்தி நிதானமாகப் படி. கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஜாஸ்தியாகி, பார்வை நரம்பு ஓரத்திலிருந்து கருகிக்கொண்டே வரும் நோய். வலிக்காது, சிவக்காது, அதனால் தெரியாது. பரம்பரையில் வரும். "உங்க அப்பாவுக்குக் கண்ணு எப்படி?" என்று கேட்டார். கடைசிக் காலத்தில் எங்கள் அப்பா சுவரைத் தடவித் தடவித்தான் நடந்தார். வயசாகிவிட்டது என்று நாங்கள் விட்டுவிட்டோம். கம்ப்யூட்டரால் வருமா என்று அம்மா கேட்டாள். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க" என்றார். வலக்கண் நரம்பு முக்கால்வாசி போய்விட்டது, திரும்பாது, இடக்கண்ணிலும் மூக்குப் பக்கம் ஆரம்பித்திருக்கிறது, சொட்டு மருந்து போட்டால் காப்பாற்றலாம், இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தால் அதையும் சொல்ல முடியாது என்றார். வலப்பக்கம் நடப்பவளைப் பற்றியும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "பார்வை போன இடம் வெறுமையா இருந்தா மூளைக்குப் பிடிக்காது. தனக்குத் தெரிஞ்ச படத்தை அங்க போட்டுக்கும். பைத்தியமும் இல்லை, பேயும் இல்லை" என்றார். சித்தரும் இல்லை என்பதை அத்தோடு நானே சேர்த்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை கட்சி மாறினாள். தரிசனம் போய்விட்ட கோபம் அவளுக்கு. "அந்தக் கருமம் புடிச்ச பொட்டி முன்னாடி இருட்டுல ஒக்காந்து ஒக்காந்துதான்டா ஒன் கண்ணு போச்சு. பூதத்தையும் பேயையும் வரைஞ்சு வரைஞ்சு ஊட்டுக்குள்ள கூப்டுட்டா இந்தப் பொண்ணு" என்றாள். அவள் கெட்டவள் இல்லை, வாணி. என் மருந்து தீரும் முன்னால் வாங்கி வைப்பவள் இன்றைக்கும் அவள்தான். பயந்தவர்களுக்கு யாராவது ஒருவர்மேல் பழி போட்டாக வேண்டும். ஆனால் உனக்கு அப்போது பதினாலோ பதினைந்தோ வயசு. டாக்டரம்மா சொன்னதை நீயும் கேட்டிருந்தாய்; ஆனாலும் அத்தை சொன்னதுதான் உனக்குள் இறங்கியிருக்கிறது. மறுநாள் சிடியை இரண்டாக உடைத்தாய். வரைந்ததையெல்லாம் கட்டிப் பழைய பேப்பர்காரனிடம் போட்டாய். நான் அன்றைக்கு லாட்ஜில் இருந்தேன். வந்து பார்த்தபோது சுவரில் பசை ஒட்டிய தடங்கள் மட்டும் இருந்தன. அதற்குப் பிறகு, ஹாஸ்டலில் இருந்த நாட்கள் போக, தினமும் வேளை தவறாமல் என் கண்ணில் மருந்து விட்டாய். ஒவ்வொரு சொட்டும் விடும்போது உன் மூச்சு நின்று நின்று வரும். கவனமாகச் செய்கிறாள் என்று நினைத்தேன். நீ அபராதம் கட்டிக்கொண்டிருக்கிறாய் என்று போன வாரம்தான் எனக்குப் புரிந்தது. அதுதான் என்னைக் கொல்கிறது.

வாணிம்மா, நன்றாகக் கேள். அந்த ஆட்டம் என் கண்ணைக் கெடுக்கவில்லை. அந்த ஆட்டம்தான் காட்டிக்கொடுத்தது. அந்தப் பாலத்தில் நான் செத்துச் செத்து விழாமல் இருந்திருந்தால், என் வலப்பக்கத்தின்மேல் உனக்குச் சந்தேகமே வந்திருக்காது. நீ அவளை வரைந்து வரைந்து அவள் கொம்பும் முகமும் உனக்கு மனப்பாடம் ஆகாமல் இருந்திருந்தால், நான் இன்னும் தெருவுக்குச் சித்தராகவே இருந்திருப்பேன். இடக்கண்ணும் போயிருக்கும். இந்தக் கடிதத்தை எழுதும் கண் நீ மிச்சம் பிடித்துக் கொடுத்தது. இதற்கு நன்றி சொல்ல எனக்குத் தெரியவில்லை. அப்பன்கள் அதற்குப் பழகவில்லை.

இனி நீ அறியாததைச் சொல்கிறேன். மருந்து ஆரம்பித்ததும் அவள் போய்விட்டாள் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா? போகவில்லை. இன்றைக்கும் வருகிறாள். தினமும் இல்லை, வெளிச்சம் மங்கினால், அல்லது நான் அசந்திருந்தால். லாட்ஜ் நடையில் கரண்ட் போகும்போது பத்தாம் நம்பர் ரூம் கதவோரம் நிற்கிறாள். கோயிலில் தூண்களுக்கு நடுவில், நான் நகர நகர, ஒரு தூண் விட்டு ஒரு தூண். சில நாள் அவளுக்குப் பின்னால் அந்தக் கோட்டைச் சுவரும் வருகிறது. நம் ஊர் வெயிலில், ஈரத்தோடு. பேசமாட்டாள். சத்தம் இருக்காது. ஆரம்பத்தில் வியர்த்துப்போகும். இப்போதும் சில நேரம், அவள் ஓர் அடி எடுத்து வைப்பாளோ என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவேன். பயமில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் பயத்தோடு குடித்தனம் நடத்தலாம், அது தெரிந்துபோயிற்று.

நேற்று முன்தினம் நான் மலை சுற்றப் போனேன். தனியாக. நீ தூங்கிக்கொண்டிருந்தாய், அம்மாவிடம் லாட்ஜுக்கு என்று சொன்னேன். திட்டாதே, முழுசாகப் படி. யார் அவரைப் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டாயே, அதற்கு வாயால் பதில் சொல்லி உன்னை நம்பவைக்க முடியாது என்றுதான் போனேன். இடது ஓரமாகவே நடந்தேன். மலை எனக்குத் தெரியாது. பார்க்க வேண்டுமானால் நின்று கழுத்தை முழுசாகத் திருப்ப வேண்டும். திருப்பினால் இருக்கிறது, நேராகப் பார்த்தால் இல்லை. அடி அண்ணாமலையில் டீ குடித்தேன். டீக்கடைக்காரர் நான் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "தனியாவா வந்தீங்க?" என்றார். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது அவள் வந்தாள், வலப்பக்கம், பாய்லர் ஆவிக்கு அந்தப் பக்கம். நான் அன்றைக்குத்தான் தைரியமாக, தலையைத் திருப்பாமல், அவளை மேலிருந்து கீழ்வரை பொறுமையாகப் பார்த்தேன்.

முதல்நாள் அத்தையிடம் சொல்லாமல் விட்டேன் என்றேனே, அது இதுதான். கிரிவலப் பாதையில் யாரும் செருப்புப் போட்டு நடப்பதில்லை. அவள் போட்டிருந்தாள். அத்தையிடம் சொன்னால் அவள் மனசு கஷ்டப்படும் என்று விட்டுவிட்டேன். உன்னிடம் சொன்னால் நீ தாங்கமாட்டாய் என்று பிறகும் விட்டுவிட்டேன். இப்போது தாங்குவாய். ஆட்டத்தில் வந்தவளுக்குக் கால் கிடையாது, வாணி. என் பக்கத்தில் நடப்பவளுக்குக் கால் இருக்கிறது. நீலப் பட்டை ரப்பர் செருப்பு. இடதுகால் பட்டையில் ஊக்கு. மூளை தனக்குத் தெரிந்த படத்தை எடுத்துப் போட்டுக்கொள்ளும் என்று டாக்டரம்மா சொன்னாரே, என் மூளை அந்தக் கோட்டையை விட்டுவிட்டு நீ வரைந்தவளை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது. பேப்பர்காரனுக்குப் போட்ட படத்தில் ஒன்று என்னிடம் தங்கிவிட்டது. டீக்கடைக்காரருக்கு, "இல்லங்க, கூட ஆள் வருது" என்று சொல்லிவிட்டு மிச்சத் தூரத்தையும் நடந்து வீட்டுக்கு வந்தேன். எங்கும் விழவில்லை.

அந்த மெயிலை அனுப்பாதே. பெங்களூருக்குப் போ. போகிற ஊரில் வருஷா வருஷம் கண்ணைக் காட்டு. எங்கள் அப்பா தடவிய சுவர் உனக்கும் காத்திருக்கலாம், அதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. மருந்து நானே விட்டுக்கொள்வேன், ஒரு வாரமாக ரகசியமாகப் பழகியிருக்கிறேன். பாதி கன்னத்தில் விழுகிறது, பாதி கண்ணில் விழுகிறது. உன்னிடம் கேட்பது ஒன்றுதான். ஏதோ ஒரு நாட்டில், யாரோ ஒருவன், ஜன்னலைச் சாத்திக்கொண்டு நீ தீட்டிய இருட்டுக்குள் தனியாக நடக்கப் போகிறான். அவன் பக்கத்தில் எதை நடக்கவிடப் போகிறாய் என்பது உன் கையில் இருக்கிறது. எவ்வளவு பயங்கரமாக வேண்டுமானாலும் வரை. கொம்பு வை, முகத்தை எடுத்துவிடு. ஆனால் காலுக்கு மறக்காமல் செருப்புப் போட்டு அனுப்பு. வழி முழுக்கக் கல்.

அப்பா